ஊசி பிடித்த கை களிமண் செதுக்கிய கதை



நம்ம பள்ளிக்கூடத்து முன்பக்கச் சுவரில், கேட்டுக்கு வலது கைப்பக்கம் செங்கல் நிறத்தில் ஒரு பெரிய படம் பதித்திருக்கிறார்களே, அதைப் பார்க்காதவர்கள் யாரும் இருக்க மாட்டீர்கள். கண்மாய், பனைமரம், ஆடு, மினி பஸ், டீக்கடை பெஞ்சு என்று நம்ம ஊரே அதில் இருக்கிறது. ஆனால் படத்தைச் சுற்றி ஒரு பார்டர் ஓடுகிறதே, அதை எத்தனை பேர் உற்றுப் பார்த்தீர்கள்? ஒரு சதுரம், அதற்குள் சாய்ந்த சதுரம், நடுவில் சின்னச் சின்னக் கோடுகள். "அது சும்மா டிசைன்தானே?" என்று என் பக்கத்து பெஞ்சுக்காரியே கேட்டுவிட்டாள். அவளுக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அது சும்மா டிசைன் இல்லை. எங்க அப்பத்தா தைத்த போர்வையில் இருக்கிற டிசைன். அதை மண்ணில் செதுக்கியது எங்க அத்தை.

முதலில் போர்வையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய நூல் சேலைகளை மூன்று நான்கு அடுக்காக ஒன்றின்மேல் ஒன்று விரித்து, மேல் அடுக்கில் வெட்டுத் துணிகளைச் சதுரம் சதுரமாக ஒட்டுப் போட்டு, எல்லா அடுக்கையும் சேர்த்து நெருக்கமாக ஓட்டத் தையல் போடுவார்கள். ஊசி உள்ளே போய் வெளியே வந்து, உள்ளே போய் வெளியே வந்து ஓடுகிற சாதாரணத் தையல்தான். வெளிநாடுகளில் இதைக் 'குவில்ட்' என்று பெரிய கலையாகக் கொண்டாடுகிறார்கள். எங்க வீட்டில் அதற்குப் பேர் 'ஒட்டுப் போர்வை', அவ்வளவுதான். அப்பத்தா கையால் தைத்தார்கள். அத்தை பாதி மெஷின், பாதி கை. டெய்லர் கடையில் மிஞ்சுகிற துணியை மூட்டையாக வாங்கி வந்து, மாசத்துக்கு ஒன்றோ இரண்டோ தைத்து விற்பாங்க.

சுவர்ப்படம் ஓவிய சாருடைய யோசனை. பெயின்ட் அடித்தால் இரண்டு மழைக்காலத்தில் உரிந்துவிடும், சுட்ட மண்ணில் செய்தால் நிற்கும் என்றார். ஒரு ஆள் செய்வதாக இல்லாமல் ஊரே செய்ய வேண்டும், வீட்டுக்கு ஒரு டைல்ஸ் என்றும் சொன்னார். வெளிநாட்டில் இப்படிச் செய்த ஒரு இடத்தையும் காட்டினார். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் ஒரு தெருப் படிக்கட்டு இருக்கிறது. மொத்தம் 163 படிகள். அலீன் பார், கொலெட் கிரட்சர் என்ற இரண்டு கலைஞர்களோடு அந்தத் தெருக்காரர்கள் முந்நூறு பேருக்கு மேல் சேர்ந்து வேலை செய்து, 2005-இல் அத்தனை படியின் முகப்பிலும் டைல்ஸ் பதித்து முடித்திருக்கிறார்கள். கீழே நின்று பார்த்தால் கடலில் ஆரம்பித்து வானம் வரைக்கும் ஒரே படமாகத் தெரியும்.

நம்ம படத்துக்கு சார் போட்ட கணக்கு இது. நீளத்தில் 16 டைல்ஸ், உயரத்தில் 8. ஆக 128. அதில் சுற்றிவர ஓடுகிற பார்டர் மட்டும் எத்தனை? (ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகள் போட்டுப் பாருங்கள். மூலையை இரண்டு தடவை எண்ணிவிடாதீர்கள்!) 44. மீதி 84 டைல்ஸ் வீட்டுக்கு ஒன்று. ஆனால் பார்டர் மட்டும் ஒரே கையால் செய்ததாக இருந்தால்தான் படம் சிதறாமல் நிற்கும் என்று சார் நினைத்தார். எங்க வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வையைப் பார்த்துவிட்டு நேராக வந்து அத்தையிடம் கேட்டார்.

அத்தை பயந்துவிட்டாங்க. "எனக்கு ஊசியப் பிடிக்கத் தெரியும் சார். மண்ணெல்லாம் எனக்கெதுக்கு?" என்றாங்க. சார் போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னது வேறு. அத்தை நம்ம பள்ளிக்கூடத்தில்தான் படித்தாங்க, ஆறாம் வகுப்பு வரைக்கும். தாத்தா இறந்ததும் நிறுத்திவிட்டார்கள். என்னைக் கொண்டுவந்து விடும்போதுகூட கேட்டுக்கு வெளியேதான் நிற்பாங்க. "அந்தச் செவத்துல நான் ஒண்ணு செஞ்சு அது கோணலா இருந்துச்சுன்னா, இருக்கிற வரைக்கும் எல்லாரும் பார்ப்பாங்கல்ல பாப்பா" என்றாங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம். டைல்ஸ் செதுக்குவது எப்படி?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம்ம சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடி டைல்ஸ் எல்லோருக்கும் தெரியும். நான்கூட அதுவும் சூளையில் சுட்டது என்றுதான் நினைத்திருந்தேன். இல்லவே இல்லை! அது சிமென்ட்டும் மணலும் வண்ணக் கலவையும் சேர்ந்தது. கண்ணாடித் தட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, டிசைன் அச்சுக்குள் கலர் ஊற்றி, மேலே சிமென்ட் போட்டு, பிறகு தண்ணீரில் ஊறவைத்துக் கெட்டியாக்குகிறார்கள். நெருப்பே கிடையாது. கண்ணாடியில் ஊற்றுவதால்தான் அந்த வழுவழுப்பு. நாங்கள் செய்தது இதற்கு நேர் எதிர். களிமண்ணைப் பலகையாக்கி, செதுக்கி, காயவைத்து, நெருப்பில் சுடுவது.

மண்ணுக்கு மானாமதுரைப் பக்கம் போனோம். கடம் என்கிற இசைக்கருவிக்கே பேர் போன ஊர் அது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அங்கே பரம்பரையாகப் பானை செய்கிற ஒரு வேளார் தாத்தா எங்களுக்குக் குரு. (பேரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.) கண்மாயில் எடுத்த களிமண்ணை ஊறவைத்து, கல், வேர் எல்லாம் நீக்கி, மணலும் கொஞ்சம் செங்கல் பொடியும் போட்டு மிதித்துப் பிசைந்து கொடுத்தார். "சுத்தக் களிமண்ணுல செஞ்சா நல்லா வழுவழுன்னு வரும்ல?" என்று நான் கேட்டேன். "வரும். காயும்போது வெடிக்கும்" என்றார். மணலும் செங்கல் பொடியும் தண்ணீரைக் குடித்து உப்பாது, காயும்போது சுருங்காது. அதனால் மொத்த மண்ணின் சுருக்கமும் குறையும். சுடும்போது உள்ளே இருக்கிற ஆவி வெளியே வருவதற்கும் வழி இருக்கும்.

பலகை செய்வது சப்பாத்தி தேய்க்கிற மாதிரிதான். தரையில் ஈரச் சாக்கு விரித்து, இரண்டு பக்கமும் முக்கால் அங்குலக் கட்டைகள் இரண்டை வைத்து, நடுவில் மண்ணைப் போட்டு ஒரு பி.வி.சி. பைப்பால் உருட்ட வேண்டும். பைப் கட்டையில் முட்டி நிற்பதால் எல்லா இடமும் ஒரே கனம் வரும். இதில் அத்தை கெட்டி. முதல் நாளே தாத்தா பாராட்டினார். ஆனால் நான் ஸ்கேலை வைத்து 6 அங்குலச் சதுரமாக வெட்டப் போனபோது கையைத் தட்டிவிட்டார். "ஆறரை வெட்டு" என்றார்.

ஏன் தெரியுமா? களிமண்ணில் இருக்கிற தண்ணீர் போகப் போக மண் துகள்கள் நெருங்கி வரும். காய்ந்து, சுட்டு முடியும்போது எங்க மண் நூற்றுக்கு எட்டு பங்கு சுருங்குகிறது. (தாத்தா ஒரு பட்டையில் 10 செ.மீ. கோடு போட்டுச் சுட்டுக் காட்டினார். வெளியே வந்தபோது 9.2 செ.மீ.! மண்ணுக்கு மண் இது மாறும்.) 6 அங்குலம் வெட்டினால் ஐந்தரைதான் மிஞ்சும். ஒரு டைல்ஸுக்கு அரை அங்குலம் குறைந்தால் 16 டைல்ஸுக்கு? கிட்டத்தட்ட 8 அங்குலம் படமே குட்டையாகிவிடும். ஆறரையில் நூற்றுக்கு எட்டு போனால் 5.98. சரியாக 6 என்றே வைத்துக்கொள்ளலாம். சதவீதக் கணக்கை இதுவரைக்கும் பரீட்சைக்கு மட்டும்தான் போட்டிருக்கிறேன் நான்.

அடுத்தது பதம் பார்ப்பது. இதுதான் இந்த வேலையில் பெரிய வித்தை. வெட்டிய உடனே செதுக்கினால் மண் சேறு மாதிரி ஒட்டி, கோட்டின் இரண்டு ஓரமும் மொழுக்கென்று எழும்பும். ரொம்பக் காய்ந்த பிறகு செதுக்கினால் பொடிப் பொடியாகச் சிதறும். நடுவில் ஒரு பதம் உண்டு. கையை வைத்தால் ஒட்டக் கூடாது, நகத்தை வைத்தால் தடம் விழ வேண்டும், தூக்கினால் வளையக் கூடாது. தொட்டால் ஜில்லென்று இருக்கும். அப்போது செதுக்கினால் வெல்லக்கட்டியைச் சீவுகிற மாதிரி சுருள் சுருளாக வரும். வெயில் நாளில் சில மணி நேரத்தில் வந்துவிடும், மழை நாளில் இரண்டு நாள்கூட ஆகும். கடிகாரம் பார்த்துச் சொல்ல முடியாது. அத்தை சமையலுக்கு நடுவே ஓடி ஓடிப் போய்த் தொட்டுப் பார்ப்பாங்க. ஆறிய சோற்றில் தயிர் விடும் பதம் மாதிரி என்று அவங்களாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டாங்க. எனக்கு அது இன்னும் புரியவில்லை.

கருவிகள் கடையில் வாங்கியவை இல்லை. சைக்கிள் போக்குக் கம்பியை வளைத்துத் தட்டியது ஒன்று, உடைந்த ஆக்சா பிளேடு, பழைய ஸ்பூன், மூங்கில் குச்சி, கொண்டை ஊசி. கொண்டை ஊசியின் வளைவுப் பக்கத்தால் மண்ணை வழித்தெடுக்கலாம், அருமையாக வரும்!

இனிமேல்தான் அத்தைக்குச் சோதனை. தைக்கத் தெரிந்தவருக்கு இது சுலபம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். பாதி சரி, பாதி தப்பு. தையலில் ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். இதில் எடுத்துக்கொண்டே போக வேண்டும். முதல் டைல்ஸில் அத்தை பென்சிலால் வரைவது போல டிசைனின் கோடுகளை எல்லாம் பள்ளமாகக் கீறிவிட்டாங்க. பக்கத்தில் பார்த்தால் அழகுதான். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை! ஏன் என்றால் போர்வையில் நீலத்துக்குப் பக்கத்தில் மஞ்சளை வைத்தால் போதும், டிசைன் தானாகத் தெரியும். மண்ணுக்கு ஒரே நிறம்தான். நிழல் விழுந்தால்தான் உருவம் தெரியும். நிழல் விழ வேண்டும் என்றால் கோட்டைக் கீறினால் போதாது. சதுரத்தைச் சுற்றியுள்ள மண்ணைக் கால் அங்குலம் இறக்கி, சதுரத்தை மேட்டில் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஆழம் போகவும் கூடாது. முக்கால் அங்குலப் பலகையில் பள்ளம் அதிகமானால் அந்த இடம் மெலிந்து, காயும்போது அங்கேதான் விரியும். பள்ளத்தின் ஓரங்களைச் சாய்வாக வெட்ட வேண்டும், உள்பக்கமாகக் குடையக் கூடாது. குடைந்தால் ஓரம் உதிரும், பதிக்கும்போது சிமென்ட் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும்.

(ஒரு குறிப்பு: நம்ம சுவர் கிழக்கு பார்த்தது. காலைப் பிரேயர் நேரத்தில் வெயில் முகத்தில் நேராக அடிப்பதால் படம் தட்டையாகத் தெரியும். 11 மணி இன்டர்வெல்லில் போய்ப் பாருங்கள். வெயில் மேலிருந்து சரிந்து விழும், ஒவ்வொரு மேட்டுக்கும் கீழே நிழல் நிற்கும். ஆடு உயிரோடு நிற்கிற மாதிரி இருக்கும்.)

இரண்டாவது சோதனை, சேர்க்கிற இடம். முதலில் சார் வரைந்து கொடுத்த பார்டர் வேறு. கொடி மாதிரி ஒரே கோடு 44 டைல்ஸிலும் தொடர்ந்து ஓட வேண்டும். அத்தை நாலு டைல்ஸ் செதுக்கி, காய்ந்த பிறகு வரிசையாக வைத்துப் பார்த்தாங்க. கொடி ஒன்றோடு ஒன்று சேரவே இல்லை. ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கொஞ்சம் கீழே. ஒவ்வொன்றையும் வேறு வேறு பதத்தில் செதுக்கியதால் ஒவ்வொன்றும் வேறு அளவு சுருங்கியிருந்தது. துணியாக இருந்தால் இழுத்துப் பிடித்து ஒரு தையல் போட்டுச் சரிக்கட்டிவிடலாம். மண்ணை இழுக்க முடியுமா?

அன்றைக்கு ராத்திரி அத்தை அப்பத்தாவின் போர்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாங்க. அது அப்பத்தா கடைசியாகத் தைத்தது. இப்போது நைந்துபோய்விட்டது, துவைத்தால் கிழியும், அதனால் பீரோவில்தான் இருக்கிறது. மறுநாள் காலையில் சாரிடம் போய், அதுவும் கேட்டைத் தாண்டி உள்ளே ஓவிய அறைக்கே போய், ஒரு விஷயம் சொன்னாங்க. "சார், போர்வையில ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் கோடு ஓடாது. ஒவ்வொரு கட்டமும் அதது தனியா முடிஞ்சிரும். தையலுக்குன்னு சுத்தி கால் அங்குலம் விட்டிருப்போம். அந்த மாதிரி இதுலயும் சுத்தி கால் அங்குலம் செதுக்காம விட்டுட்டு, உள்ளுக்குள்ள மட்டும் செஞ்சா? கொஞ்சம் முன்னப்பின்ன ஆனாலும் தெரியாதுல்ல?"

சார் ஒரு நிமிஷம் பேசவே இல்லை. பிறகு தன்னுடைய கொடி டிசைனை இரண்டாக மடித்து மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டார். அப்படித்தான் அப்பத்தாவின் சதுரம் சுவருக்கு வந்தது. டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவே பென்சில் கனத்துக்குச் சந்து விட்டுத்தான் பதிக்க வேண்டும். அந்தச் சந்தும் அத்தை விட்ட ஓரமும் சேர்ந்து, தூரத்தில் பார்த்தால் தையல் மடிப்பு மாதிரியே இருக்கிறது. நடுவில் இருக்கிற சின்னக் கோடுகள்தான் ஓட்டத் தையல். துணியில் நூல் அழுத்துகிற இடம் பள்ளமாகும் இல்லையா? அதே மாதிரி சைக்கிள் கம்பி முனையால் அழுத்திய பள்ளம்.

இப்போது நான் செய்த ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். செதுக்கிய டைல்ஸை மெதுவாகக் காயவைக்க வேண்டும். இரண்டு பலகைக்கு நடுவே செய்தித்தாள் வைத்து, நிழலில், தினம் ஒரு தடவை திருப்பிப் போட்டு, பத்து நாளைக்கு மேல். ஓரமும் மூலையும்தான் முதலில் காயும், அதனால் அதை மட்டும் பிளாஸ்டிக் தாளால் மூட வேண்டும். இதெல்லாம் தெரிந்தும், "சீக்கிரம் காயட்டுமே" என்று நான் ஒரு மத்தியானம் ஃபேனைப் போட்டுவிட்டேன். ஏழு டைல்ஸ் அப்பளம் மாதிரி மூலை தூக்கிக்கொண்டன. மேல்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கி, இன்னும் ஈரமாக இருந்த அடிப்பக்கத்தை இழுத்துவிட்டது. அத்தை திட்டவில்லை. அந்த ஏழையும் தண்ணீர்த் தொட்டியில் போட்டாங்க. இரண்டு மணி நேரத்தில் கரைந்து மறுபடி களிமண் ஆகிவிட்டது. சுடாத மண்ணில் இது ஒரு வசதி.

சுட்ட பிறகு அந்த வசதி கிடையாது. முதல் சூளையில் சோதனைக்காக 12 டைல்ஸ் வைத்தோம். தாத்தாவின் பானைகளுக்கு நடுவே, தட்டையாகப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்தி அடுக்கினோம். மறுநாள் திறந்தபோது இரண்டு சுக்குநூறாகி இருந்தன. ஒன்று குறுக்கே விரிந்திருந்தது.

தாத்தா உடைந்த துண்டைப் பார்த்துவிட்டு, "உள்ளே ஈரம் இருந்திருக்கு ஆத்தா" என்றார். வெளியே காய்ந்த மாதிரி இருந்தாலும் நடுவில் ஈரம் தங்கியிருக்கும். சூளைக்குள் 100 டிகிரி வந்ததும் அந்தத் தண்ணீர் ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். மெதுவாகச் சூடேறினால் மண்ணின் நுண் துளைகள் வழியாக வெளியே போய்விடும். அவசரமாக ஏறினால் போக வழியில்லாமல் டைல்ஸையே வெடித்துக்கொண்டு வரும். அதனால்தான் முதலில் புகைமூட்டம் மாதிரி சின்னத் தீயாக வைத்து நீண்ட நேரம் வாட்டுகிறார்கள். அதற்குப் பிறகு சுமார் 450 முதல் 600 டிகிரிக்குள், மண்ணோடு வேதியியல் முறையில் பிணைந்திருக்கிற தண்ணீரும் பிரிந்து போய்விடும். அதோடு சரி. இனிமேல் எத்தனை வருஷம் தண்ணீரில் போட்டாலும் அது களிமண் ஆகாது. அந்தச் செம்மண் நிறம் மண்ணில் இருக்கிற இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து வருவது. காற்றுப் போகாமல் புகை அடைத்த இடத்தில் கறுப்பாகிவிடும். மேல் வரிசையில் இடமிருந்து ஐந்தாவது டைல்ஸில் ஒரு கறுப்பு நிழல் இருக்கும், அது இதுதான். யாரும் கரியைத் தடவவில்லை.

உடைந்த துண்டுகளை அத்தை முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாங்க. "துணின்னா பிரிச்சுத் தைச்சிரலாம். இதுல பிரிக்கிறதுக்கு ஒண்ணுமில்லையே" என்றாங்க. அதற்குப் பிறகு நாலு நாள் மண் பக்கமே போகவில்லை. மெஷினில் உட்கார்ந்து யாருக்கோ ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாங்க. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் "விடும்மா, கட்டாயப்படுத்தக் கூடாது" என்றார்.

ஐந்தாவது நாள் வேளார் தாத்தாவே பஸ் பிடித்து வந்துவிட்டார். பெரிதாக எதுவும் சொல்லவில்லை. காப்பி குடித்தார். "உடையாத சூளை எங்க இருக்கு ஆத்தா? நாங்க எப்பவும் கூடத்தான் வைப்போம்" என்றார். அத்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நானும் போர்வைக்கு ரெண்டு கட்டம் கூடத்தான்யா வெட்டுவேன்" என்றாங்க. அன்றைக்கு மத்தியானமே பைப்பை எடுத்துவிட்டாங்க. 44-க்கு 55 செய்தாங்க. இந்தத் தடவை இருபது நாள் காயவைத்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று மறுபடி வைத்தாங்க. ஐந்துதான் உடைந்தது.

போர்வையையும் டைல்ஸையும் சேர்த்துப் பேசுவது விசித்திரமாக இருக்கிறதா? வங்காளத்தைப் பாருங்கள். அங்கே பழைய சேலை, வேட்டிகளை அடுக்கி ஓட்டத் தையல் போட்டுச் செய்வதுதான் 'காந்தா'. கிழிந்த சேலையின் கரையிலிருந்து நூலை உருவி அதையே தைக்க எடுத்துக்கொள்வார்களாம். அதே வங்காளத்தில் பிஷ்ணுபூர் என்ற ஊரில் மல்ல அரசர்கள் கட்டிய கோயில்கள் இருக்கின்றன. அந்தப் பக்கம் நல்ல கட்டடக் கல் கிடைக்காது, களிமண் நிறையக் கிடைக்கும். அதனால் செங்கல்லில் கட்டி, சுவர் முழுக்கச் சுடுமண் பலகைகளைச் செதுக்கிப் பதித்துவிட்டார்கள். 1643-இல் கட்டிய ஷியாம் ராய் கோயிலில் உள்ளே வெளியே என்று இடம் விடாமல் ராமாயணம், மகாபாரதம், கிருஷ்ணர் கதைகள்தான். 1655-இல் கட்டிய ஜோர் பங்களா கோயிலும் அப்படியே. வேட்டைக்காரர், படகு எல்லாம்கூட உண்டு. கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓரம் விட்டு! நூலகத்துப் புத்தகத்தில் அந்தப் படத்தைக் காட்டியபோது அத்தை, "இதும் ஒட்டுப் போர்வைதான்" என்றாங்க. நான்கு நூற்றாண்டு நெருங்கும் மழையைத் தாங்கி நிற்கிறது என்று சார் சொன்னதும்தான் அவங்க முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

பதிக்கும் வேலையைக் கொத்தனார் அண்ணன் மூன்று நாளில் முடித்தார். டைல்ஸின் முதுகில் ஈரமாக இருக்கும்போதே சீப்பால் வரிவரியாகக் கீறியிருந்தோம், சிமென்ட் பிடிக்க. சுவரையும் கொத்திச் சொரசொரப்பாக்கினார். டைல்ஸை முதலில் தண்ணீரில் ஊறவைத்தார். சுட்ட மண் தண்ணீரைக் குடிக்கும். காய்ந்த டைல்ஸை அப்படியே வைத்தால் சிமென்ட்டில் இருக்கிற தண்ணீரை உறிஞ்சிவிடும், சிமென்ட் இறுகாது, கொஞ்ச நாளில் கழன்று விழும். கீழ் வரிசையில் ஆரம்பித்து, மட்டம் பார்த்து, நூல் கட்டி மேலே போனார். எல்லாம் சேர்ந்து 8 அடி 3¾ அங்குல நீளம் வந்தது. சார் பேப்பரில் போட்ட அதே கணக்கு!

ஒரு ரகசியம். கீழ் வரிசையில் இடது மூலை டைல்ஸ் மட்டும் செதுக்கியது இல்லை. அப்பத்தா போர்வையின் கிழிந்த மூலையில் இருந்து உள்ளங்கை அளவு துணியை அத்தை வெட்டி எடுத்தாங்க. (வெட்டுவதற்கு இரண்டு நாள் யோசித்தாங்க.) அதை ஈர மண்ணின்மேல் வைத்துப் பைப்பால் உருட்டி, மெதுவாக உரித்தாங்க. துணியின் இழை, அப்பத்தா போட்ட தையல், ஓர் இடத்தில் நூல் முடிச்சு, எல்லாம் அப்படியே மண்ணில் விழுந்துவிட்டது. அந்தப் பதிவு ரொம்ப மெல்லியது. சந்தில் சிமென்ட் பூசும்போது அதற்குள்ளும் போய்விட்டது. அத்தை பல் துலக்குகிற பிரஷ்ஷால் ஒரு மணி நேரம் தேய்த்து எடுத்தாங்க. விரலால் தடவினால் தெரியும். தடவிப் பாருங்கள், ஆனால் நகத்தால் சுரண்டாதீர்கள்.

55-இல் ஐந்து உடைந்து, 44 சுவரில் போய், மிச்சம் ஆறு டைல்ஸ் ஓவிய அறை ஜன்னல் திட்டில் இருக்கின்றன. பார்க்க வருபவர்கள் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். திருப்பியும் பாருங்கள். சீப்புக் கீறலுக்கு நடுவே வரிசை எண்ணும், அத்தையின் பேரும், பேருக்குக் கீழே 'ஆறாம் வகுப்பு' என்றும் எழுதியிருக்கும். சுவரில் இருக்கிற 44-இலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது, சிமென்ட்டுக்குள்.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி